இன்னொரு தபா சுத்துங்கண்ணா

ஒழுங்காகக் குறிப்பு எழுதுகிறவர்களால் ஊருக்கு நன்மைதான் என்று நெடுநாள் நம்பியிருந்தேன். நெட்டுக்குப்பம் கடற்கரையில் ஒரு வெள்ளிக்கிழமை காலை 9.12 வரைக்கும்.

அப்போது நான் இளங்கலை முதலாண்டு. பாடம் சமயவியல். காலடிப்பேட்டையில் எங்கள் தெருவில் யாரும் கேள்விப்படாத படிப்பு. ("சாமி கும்புட இன்னாத்துக்கு மூணு வருசம்?" என்று பக்கத்து வீட்டில் கேட்டார்கள்.) அப்பா ஒரே நிபந்தனையோடு சேர்த்துவிட்டார்: "ஒரு பேப்பர் போச்சுனாலும் காமர்ஸுக்கு மாத்திடுவேன்." என் உயிரை வாங்கிய பேப்பர் களஆய்வு. ஒரு சடங்கை நேரில் பார்த்து, படிப்படியாக எழுதித் தரவேண்டும். "பாருங்கள், தலையிடாதீர்கள்" என்று பேராசிரியை சொன்னதைச் சிவப்பு மையில் அடிக்கோடிட்டு வைத்திருந்தேன்.

எங்கள் தெருவுக்கு மீன் கொண்டுவரும் தேசம்மாக்காதான் கைகொடுத்தார். பதினோரு வருடம் அடுத்தவர் படகில் போன அவர் கணவர் ஏழுமலை அண்ணன், சொந்தமாக ஒரு ஃபைபர் படகு வாங்கியிருந்தார். "வெள்ளிக்கெயம தண்ணில எறக்கறோம். வந்து எழுதிக்கோ பாப்பா."

போனேன். இரண்டு பேனா, கைக்கடிகாரம், ஒரு அடிக்கோல். (அடிக்கோல் எதற்கு என்று கேட்காதீர்கள்.) 9.04 மாலை. 9.07 எலுமிச்சம்பழம். 9.10க்கு ஏழுமலை அண்ணன் பூசணிக்காயில் கற்பூரம் ஏற்றி, படகுக்கு முன் மூன்று சுற்று சுற்றி உடைத்தார். அந்த நேரம் பார்த்துக் காற்று என் தாளைப் புரட்டிவிட்டது. சுற்றியது வலமா, இடமா? தாளில் 'சுற்றும் திசை' என்று நான் கோடு போட்டு வைத்திருந்த கட்டம் காலி. காலிக் கட்டத்தை என்னால் பொறுத்துக்கொள்ள முடியாது. இன்றும் முடியாது.

அதற்குள் பத்துப் பன்னிரண்டு பேர் தோள் கொடுத்து, படகு அலையை நோக்கி நகர்ந்துவிட்டது. பின்னாலிருந்து கத்தினேன்: "அண்ணா! நான் சரியா பாக்கல! இன்னொரு தபா சுத்துங்கண்ணா!"

படகு நின்றது.

"போற போட்டை பின்னால கூப்ட்டாளே!" என்றார் ஒரு பெரியவர்.

கிளம்புகிறவர்களைப் பின்னாலிருந்து கூப்பிடக் கூடாது. எனக்குத் தெரியாததா? என் குறிப்பேட்டில் பக்கம் 14, 'நம்பிக்கைகள்', எண் 6. நானே எழுதியது.

ஏழுமலை அண்ணன் திட்டியிருந்தால்கூடப் பரவாயில்லை. அப்படியே மணலில் உட்கார்ந்துவிட்டார். "இன்னிக்கி வாணாம்" என்றார் மெதுவாக. பதினோரு வருடம் காத்திருந்தவரின் முகத்தைப் பார்த்தபோது, காமர்ஸ் எல்லாம் ஒரு தண்டனையாகவே தோன்றவில்லை.

"இன்னாயா வாணாம்?" என்றார் தேசம்மாக்கா. "கொயந்த தெரியாம கூப்ட்டுச்சு. வூட்டு வாசல்ல ஒடைக்க வெச்ச பூசணி கீதுல்ல? எடுத்துனு வாங்க. கூப்ட்டவளே சுத்தட்டும்."

"அக்கா, நான் தலையிடக் கூடாதுன்னு எங்க மேடம்..."

"இதுக்கு மேல இன்னா தலையிடப் போற? புடி! வலமா சுத்து, வலமா!"

சுற்றினேன். ஓங்கிப் போட்டேன். பூசணி உடையவில்லை, உருண்டு போய்ப் பெரியவரின் காலடியில் நின்றது. இரண்டாம் முறையும் அதே. மூன்றாம் முறை ஒரு கல்லின் மேல் போட்டதில் வெடித்து, உள்ளேயிருந்த குங்குமம் முழுக்க என் முகத்தில் அடித்தது. முதலில் சிரித்தவர் அந்தப் பெரியவர்தான். "திருஷ்டியெல்லாம் இது மூஞ்சிலயே பூட்ச்சுடா! தள்ளுங்கடா!" ஏழுமலை அண்ணனும் சிரித்துக்கொண்டே எழுந்தார். படகு தண்ணீரில் இறங்கியது. எத்தனை மணிக்கு என்று தெரியாது. என் குறிப்பேடுகளில் நேரம் போடாத ஒரே பதிவு அது.

நடந்ததை ஒளிக்காமல் அறிக்கையில் எழுதினேன். 'சுற்றும் திசை: வலம். மூன்று முறை. ஐயமில்லை.' "தலையிடாதீர்கள் என்றேனே!" என்று ஓரத்தில் எழுதிவிட்டு, பேராசிரியை நல்ல மதிப்பெண்ணே போட்டார். அப்பா அதன்பிறகு காமர்ஸ் பேச்சை எடுக்கவில்லை. அன்று குப்பத்து ஜனங்கள் என்னை விரட்டியிருக்கலாம். பூசணிக்காயைக் கையில் கொடுத்தார்கள். நான் பட்டம் வாங்கியது அதனால்தான்.

சில வருடம் கழித்து என் கல்யாணம். மூன்றாவது முடிச்சு விழுந்த கையோடு முன்வரிசையிலிருந்து ஏழுமலை அண்ணன் எழுந்தார்.

"மாப்ள, கொஞ்சம் இரு! பாப்பா நோட்ல எழுதிக்கிச்சா கேளு. இல்லாங்காட்டி இன்னொரு தபா கட்டணும்!"

அன்றிலிருந்து, நான் வெளியே கிளம்பும்போது எங்கள் வீட்டில் யாரும் பின்னாலிருந்து கூப்பிடுவதில்லை. கணவரும், இப்போது மகளும், முன்னால் ஓடிவந்து வாசலை மறித்துக்கொண்டு கேட்கிறார்கள்: "நோட்ல எழுதியாச்சா?"