சிம்லாவின் பழைய மலைக் குல்லாக்கள்

வட சென்னை வெயிலை அவமானப்படுத்திய ஒரே மனிதர் சிம்லாதான். மே மாத மதியம், திருவொற்றியூர் நெடுஞ்சாலையில் தார் உருகிச் செருப்போடு ஒட்டிக்கொண்டு வருகிற நேரத்தில், காதை மூடிய கம்பளிக் குல்லாவோடு டீ குடித்துக்கொண்டிருப்பார். அதுவும் ஆவி பறக்க. அவருடைய சொந்தப் பெயர் எங்களில் யாருக்கும் தெரியாது. குல்லாவைப் பார்த்து எவனோ 'சிம்லா' என்று கூப்பிட, ரேஷன் கார்டைத் தவிர மற்ற எல்லா இடத்திலும் அது ஒட்டிக்கொண்டது. மனிதர் வடக்கே கும்மிடிப்பூண்டியைத் தாண்டியதில்லை.

தொண்ணூறுகளின் கடைசியில் அவரோடு ஒரு கிடங்கில் வேலை பார்த்தேன். அதற்கு முன்பு லாரி கிளீனர், ஐஸ் கம்பெனி, கப்பலில் துரு சுரண்டும் வேலை என்று சுற்றிக்கொண்டிருந்தேன். எதிலும் நிலைக்கவில்லை. எட்டாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டவன். சோறு எங்கே கிடைக்கிறதோ அங்கே போவேன்.

குளிர்நாட்டுக்காரர்கள் போட்டுக் கழித்த கம்பளித் துணிகள் துறைமுகம் வழியாக மூட்டை மூட்டையாகக் கிடங்கில் வந்து இறங்கும். அவற்றைப் பிரித்து, நிறம் பார்த்து, ஒவ்வொன்றையும் கத்தியால் கிழிக்க வேண்டும். யாரும் உடுப்பாக விற்றுவிடக் கூடாது, நூல் ஆலைக்குக் கந்தலாகத்தான் போக வேண்டும் என்பது சுங்கத்துறை விதி. கிழிக்காத ஒரு காலுறை வெளியே போனாலும் கிடங்குக்குச் சீல் வைத்துவிடுவார்கள். கிழிந்ததில் ஒன்றிரண்டை நாங்கள் எடுத்துப்போனால் யாரும் கேட்க மாட்டார்கள். நான் தலையணைக்குள் திணிக்க எடுத்துப்போவேன்.

சிம்லா குல்லா மட்டும்தான் எடுப்பார். அதிலும் ஒரே கம்பெனிக் குல்லா. மலையேறுகிறவர்களுக்கு உடுப்பு செய்கிற ஏதோ வெளிநாட்டுக் கம்பெனி. பெயரைப் படிக்க எங்கள் இங்கிலீஷ் போதவில்லை. உள்ளே தைத்திருக்கும் பட்டையில் மூன்று மலை இருக்கும். மலையை நூலால் நெய்திருந்தால் பழசு. அச்சடித்திருந்தால் புதுசு.

"இது பழைய மலை. இது புது மலை," என்று எனக்குப் பிரித்துக் காட்டினார். "புது மலை கலீஜு, நைனா. தொடாத."

"இன்னாத்துக்கு அண்ணாத்தே இதெல்லாம்?"

"நல்லா கீதுல்ல?"

இதற்கு மேல் ஒரு காரணத்தை அவரிடமிருந்து யாரும் வாங்கியதில்லை.

கிழிந்த குல்லாவை வீட்டுக்குக் கொண்டுபோய், அதே நிறத்துக் கந்தலில் நூல் உருவி, கண்ணி கண்ணியாகக் கோத்துவிடுவார். காசிமேட்டில் வலை பின்னுகிற குடும்பத்துக் கை. "அறுக்கிறது கவர்மெண்டு ரூலு. கோத்துக்கிறது என் இஸ்டம்," என்பார்.

வெயிலில் குல்லா போட்டவன் எதையோ ஒளிக்கிறான் என்று டோல்கேட்டில் ஒரு போலீஸ்காரர் அவரை நிறுத்தினார். நான் பீடி வாங்கிக்கொண்டு திரும்பி வந்தபோது, போலீஸ்காரர் குல்லாவைப் புரட்டிப் பிடித்துக்கொண்டு, "இது நெய்ஞ்சதா, அச்சா?" என்று கேட்டுக்கொண்டிருந்தார்.

ராயபுரம் சர்ச்சில் ஒரு கல்யாணம். குல்லாவை எடுக்கச் சொல்லிப் பீடத்திலிருந்து ஃபாதர் சைகை காட்டினார். சிம்லா பணிவாக எடுத்தார். உள்ளே இன்னொன்று இருந்தது. அதையும் எடுத்தார். மூன்றாவதைப் பார்த்ததும் ஃபாதர் மணப்பெண் பக்கம் திரும்பிக்கொண்டார். வாசலில் சிம்லாவின் மனைவி ஸ்டெல்லா அக்கா புலம்பினார்: "கட்டிகினு இத்தினி வருசமாவுது. இந்தாளு மண்டையில முடி கீதா இல்லியான்னு இன்னிக்காச்சும் பாத்துடலாம்னு வந்தேன். ஃபாதரு பாதியில வுட்டுட்டாரு."

சிம்லாவிடம் இல்லாதது, உச்சியில் குஞ்சம் வைத்த சிவப்புக் குல்லா. பழைய மலையில். ஒரு மழை நாளில் மூட்டைக்குள்ளிருந்து அது வந்தது. துணி கிழிக்கிற கஸ்தூரி கத்தியை எடுக்கவே தயங்கினாள்.

"அறும்மே. ரூலு ரூலுதான்," என்று சிம்லா சொல்லிவிட்டு, ஊசி போட்டுக்கொள்கிறவரைப் போல முகத்தைத் திருப்பிக்கொண்டார். அடியிலிருந்து குஞ்சம் வரை ஒரே கீறல்.

பல வாரம் கோத்தார். கடைசியில் ஒரு நாள் அதைப் போட்டுக்கொண்டு வேலைக்கு வந்தார். கிடங்கில் யாரும் ஒழுங்காக வேலை பார்க்கவில்லை.

சாயங்காலம் கேட்டில் புது சூப்பர்வைசர் பிடித்துக்கொண்டார். "வெட்டாத சரக்கு. தலையில போட்டே கடத்துறியா?"

"அறுத்துத் தெச்சது சார்."

"எங்க வெட்டு? காட்டு. இல்லன்னா நாளைக்கு வராத."

சிம்லா குல்லாவைக் கழற்றினார். தலையில் நிறைய முடி இருந்தது. குல்லாவைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். அத்தனை நன்றாகக் கோத்திருந்ததால் வெட்டு எங்கே இருந்தது என்று அவருக்கே தெரியவில்லை. எங்களுக்குச் சிரிப்பு வந்தது. அவர் முகத்தைப் பார்த்ததும் நின்றுவிட்டது.

கஸ்தூரி முன்னால் வந்தாள். "நாந்தான் சார் அறுத்தேன். இந்தக் கையாலதான்."

"அப்ப நீயும் கூட்டு. ரெண்டு பேரும் நாளைக்கு வராதீங்க."

கஸ்தூரியின் கூலியில்தான் அவள் வீட்டு அடுப்பு எரிந்தது. சிம்லா அவளை ஒரு தடவை பார்த்தார். பிறகு கண்ணை மூடிக்கொண்டு, விரல் நுனியால் குல்லாவை மெல்லத் தடவிக்கொண்டே போனார். ஓர் இடத்தில் விரல் நின்றது. அவள் கத்தியை வாங்கி முடிச்சை அறுத்து நூலை இழுத்தார். மீன் வயிற்றைப் போல, அடியிலிருந்து குஞ்சம் வரை குல்லா திறந்துகொண்டது.

"இந்தா சார் வெட்டு."

"முதல்லயே காட்டுறதுக்கு என்ன," என்று சொல்லிவிட்டு சூப்பர்வைசர் ஸ்கூட்டரில் ஏறிப் போனார்.

கேட்டுக்கு வெளியே பாலத்துச் சுவரில் சிம்லா உட்கார்ந்தார். சட்டைப் பையிலிருந்து ஊசியை எடுத்தார். கஸ்தூரி எதிரில் உட்கார்ந்து கிழிசலின் இரண்டு ஓரத்தையும் இழுத்துப் பிடித்தாள். இருட்டுவதற்குள் முடிகிற வேலை இல்லை என்று மூவருக்கும் தெரியும்.

என் பஸ் வந்தது. சிம்லா நிமிராமலே சொன்னார், "கெளம்பு நைனா. இதுக்கப்புறம் கூட்டம் பேஜாராயிடும்."

குஞ்சம் கிழிசல் மேல் விழுந்து விழுந்து மறைத்தது. அதைத் தூக்கிப் பிடிக்க ஓர் ஆள் வேண்டியிருந்தது. நான் பிடித்துக்கொண்டேன்.