அம்மனுக்குத் தெரியாத கல்

ஐந்தரைக்கு எழும்புகிறேன். கேத்தலை அடுப்பில் வைக்கிறேன். பிரிட்ஜ் கதவிலிருந்து இன்சுலின் போத்தலை எடுத்து உள்ளங்கைகளுக்கு நடுவே உருட்டுகிறேன். மாமியின் வயிற்றில் ஊசி போடுகிறேன். பாணும் சம்பலும் எடுத்து வைக்கிறேன். வேலைக்குப் போகிறேன். என் மனைவி சுலோஜனா இருந்தபோது ஊசி அவள் வேலை. காய்ச்சல் என்று ஆஸ்பத்திரிக்குப் போனவள் திரும்பவில்லை. மாசியிலிருந்து ஊசி என் வேலை.

அந்த ஞாயிறு காலை மாமி ஊசிக்கு வரவில்லை.

“வேணாம் மருமகன். சாமி நிப்பாட்டச் சொல்லிட்டார்.”

“எந்தச் சாமி?”

“செங்கலடியில இருக்கிற கல்லுச் சாமி.”

கையை விரித்தார். வெள்ளை நிறத்தில் ஒரு சிறு கல். அதில் ஒரு பறவை.

“இதத் தலகணிக்குக் கீழ வெச்சாக் காணுமாம், வேற மருந்து வேணாமாம்.”

“சீனி குறைஞ்சிருமா?”

“பகிடி பண்ணாதங்க. சுலோவே சொல்லியிருக்கா. ஆஸ்பத்திரி மருந்த நம்பாதங்க அம்மா எண்டு. அதுதான் அவ கடைசியாச் சொன்னதாம். கல்லுல வந்து சாமிக்குச் சொன்னாவாம்.”

மாமி தண்ணீர் குடித்தார். திரும்பவும் குடித்தார். நாக்கு வறண்டிருந்தது. காலையும் மாலையும் ஊசி. முந்தின மாலை ஊசியும் தவறியிருந்ததா என்று தெரியவில்லை. அப்போது நான் வீட்டில் இல்லை.

கேத்தலை இறக்கிவிட்டு மாமியோடு செங்கலடிக்குப் போனேன்.

சந்தியிலிருந்து மண்டபம் வரை முச்சக்கர வண்டிகள். உள்ளே கால் வைக்க இடமில்லை. அருமைநாயகம் என்பவர் ஒலிவாங்கியில் சாமியின் பெருமைகளை முழங்கிக்கொண்டிருந்தார். ஜப்பானே வியந்த சாமியாம். ஜப்பானுக்கு இது தெரியுமா என்பது வேறு விடயம்.

சாமியின் பழைய பெயர் ஜெயந்தன். ஜப்பானில் பழைய கார்களைக் கழற்றும் இடத்தில் வேலை செய்தவர். விசா முடிந்தது. வரும்போது மாஜோங் பெட்டி ஒன்றைக் கொண்டுவந்தார். சீட்டு விளையாட்டு மாதிரித்தான். சீட்டுக்குப் பதில் கற்கள். செங்கலடிக்கு வந்ததும் அந்தக் கற்களில் அம்மன் குடியேறிவிட்டாள். அவளுக்கு விசா தேவைப்படவில்லை.

நாலு பேர் ஆடுவார்கள். முறைக்கு ஒரு கல்லை எடுத்து, வேண்டாத ஒன்றைத் தன் முன்னால் முகம் தெரிய வீச வேண்டும். இன்னும் ஒரு கல் வந்தால் வெற்றி என்ற நிலையில் ‘ரிச்சி’ என்று அறிவிக்கலாம். அவர் காத்திருக்கும் கல்லை வேறொருவர் வீசினால், வீசியவர் அகப்பட்டார்.

சாமி ஒருநாளும் அகப்பட்டதில்லை. யாராவது ரிச்சி சொன்னால் கண்ணை மூடுவார். முணுமுணுப்பார். ஒரு கல்லை வீசுவார். தப்பிவிடுவார். ‘எமன் நிக்கிற கல்ல அம்மன் காட்டித் தாறா’ என்பார். கல்லில் எமனைக் காண்பவருக்கு நோயில் காணத் தெரியாதா? கூட்டம் இப்படிக் கணக்குப் போட்டது. எதிராளி தானே தேவையான கல்லை எடுத்து வென்றுவிட்டால், அது அம்மனின் திருவிளையாடல்.

சாமி ஒருநாளும் வென்றதுமில்லை. அதை யாரும் கேட்கவில்லை.

சுவரில் மஞ்சள் எழுத்தில் ஒரு வாசகம்: ‘தான் வீசியதைத் தான் கேட்கலாகாது.’ வருகிறவர்கள் அதைத் தத்துவம் என்று கும்பிட்டார்கள். அது ஆட்டத்தின் விதி. ஒருவர் ஏற்கெனவே வீசிய கல்லை நீங்களும் வீசினால், அவர் அதை வைத்து வெல்ல முடியாது. அவ்வளவுதான்.

வந்தாறுமூலையில் படிக்கும்போதே சுலோஜனா இதைப் போனில் ஆடுவாள். எனக்கும் பழக்கினாள். யாராவது ரிச்சி சொன்னால், தன் கையிலிருக்கும் கற்கள் எவ்வளவு நல்லதாகச் சேர்ந்திருந்தாலும் கலைத்துவிடுவாள். அவர் வீசியதைப் பார்த்து அதையே வீசுவாள். வெல்ல மாட்டாள். அகப்படவும் மாட்டாள். அவள் கண்ணை மூடியதில்லை.

சாமியும் முழுதாக மூடவில்லை. பக்கத்தில் நின்றால் தெரிந்தது.

“வாங்க,” என்றார் சாமி. “உங்கட மனிசி இஞ்சதான் நிக்கிறா. அவ கடைசியாச் சொன்னது உங்களுக்குக் கேக்கல்ல. எனக்குக் கேட்டுச்சு.”

“நான் கட்டிலுக்குப் பக்கத்தில இருந்தன். நீங்க அப்ப எங்க நிண்டீங்க?”

“ஜப்பான்ல.”

யாரோ இருமினார்கள்.

“சாமி, ஒரு ஆட்டம் ஆடுவமா? நாங்க மூணு பேரும் வீசுறதக் கவுட்டு வைக்கிறம். நீங்க மட்டும் முகம் தெரிய வீசுங்க. அம்மன்தானே காட்டுறா.”

“அம்மனுக்கு மறைப்பு ஆகாது.”

பக்கத்துத் தேத்தண்ணிக் கடை இப்றாஹிம் நானா தட்டோடு நின்றார். ஏறாவூர்க்காரர். சாமியிடம் வாய்க்கு வந்ததைக் கேட்கக்கூடியவர்.

“என்ன சாமி, கவுட்டு வெச்சாக் கடவுளுக்குத் தெரியாதா? நான் மூடின பானையிலயே பால் திரைஞ்சிருக்கா எண்டு சொல்லுவன்.”

கூட்டம் சிரித்தது. சாமிக்கு வேறு வழி இல்லை.

நான் மாமியிடம் கேட்டேன். “சாமி அகப்பட்டா ஊசி போடுவீங்களா?”

“அவர் அகப்பட மாட்டார்.”

“அகப்பட்டா?”

“போடுறன். அகப்படாட்டி அந்தப் போத்தல ஆத்தில எறிஞ்சிருவன். மறுகா ஊசிக் கத கதைக்கப்படா.”

மாமி, நானா, நான், சாமி. உட்கார்ந்தோம். மாமியும் நானாவும் இந்த மண்டபத்தில் பார்த்துப் பார்த்தே ஆடப் பழகியவர்கள்.

முதல் ஆட்டத்தில் நானா ரிச்சி சொன்னார். சாமி கண்ணை மூடினார். திறந்தார். எங்கள் முன்னால் கற்களின் வெறும் முதுகுகள். ஒன்றை வீசினார். தப்பிவிட்டார். மண்டபம் அரோகரா என்றது. மாமி என்னைப் பார்த்தார். ஒரு தடவை தப்ப யாராலும் முடியும். எனக்கு அது தெரியும். மாமிக்குத் தெரியாது.

அடுத்த ஆட்டம். நானா திரும்பவும் ரிச்சி. சாமி வீசினார். நானா தன் கற்களை விரித்துக் காட்டினார்.

“இதத்தான் சாமி பாத்துக்கிட்டிருந்தன். பெரிய உபகாரம்.”

“இண்டைக்கு அமாவாசை,” என்றார் சாமி.

“அது போன கிழமையே போச்சு,” என்றது பின்வரிசை.

அதற்கடுத்த ஆட்டத்தில் மாமி ரிச்சி சொன்னார். மன்னிப்புக் கேட்கும் குரலில் சொன்னார். சாமி முணுமுணுக்கவில்லை. முகத்தைத் துடைத்தார். ஒரு கல்லைத் தொட்டார், விட்டார், இன்னொன்றை வீசினார். மாமி அதை வெகுநேரம் பார்த்தார்.

“சாமி, இதுதானே எனக்கு வேணும்.”

மாமி வீசியிருந்த கற்களை ஒவ்வொன்றாகத் திருப்பிக் காட்டினேன். அந்தக் கல் அவற்றில் இல்லை. விதிப்படி மாமி வென்றிருந்தார்.

பிறகு எல்லாக் கற்களையும் முகம் தெரிய வைத்து ஆடினோம். நான் ரிச்சி சொன்னேன். “மாமி, நான் வீசினதாப் பாத்து நீங்களும் வீசுங்க.” மாமி மூக்குக் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு, பார்த்துப் பார்த்து வீசினார். ஆட்டம் முடியும்வரை அகப்படவில்லை. அம்மன் மாமிக்கும் வந்துவிட்டாள். கண்ணாடி போட்டுக்கொண்டு.

அருமைநாயகம் ஒலிவாங்கியை நிறுத்தினார். சாமி பின்கதவால் போனார். கூட்டம் கலைந்தது. கல்குடாப் பக்கம் வேறொரு சாமி இருக்கிறாராம் என்று பேசிக்கொண்டு சிலர் போனார்கள். போங்கள். அங்கேயும் எதையாவது கவிழ்த்து வைத்துப் பாருங்கள். தெய்வத்துக்கு ஒன்றும் ஆகாது. சாமிக்குத்தான் வியர்க்கும்.

வீட்டுக்கு வந்ததும் மாமி கதிரையில் உட்கார்ந்து வயிற்றைக் காட்டினார். நான் போத்தலை எடுத்தேன்.

“அப்ப என்ட புள்ள கடைசியா என்னதான் மருமகன் சொன்னா?”

உள்ளங்கைகளுக்கு நடுவே போத்தலை உருட்டிக்கொண்டே சொன்னேன்.

“அம்மாட மருந்து பிரிட்ஜ் கதவில இருக்கு. குலுக்கிராதங்க, உருட்டிட்டுப் போடுங்க.”