டோரோ கரையில் என் கைச் சுளுக்கு

இந்தத் தடவை குடிப்பது நான். ஓட்டுவது அவள்.

ஆண்பிள்ளை என்றால் இப்படி ஒரு தீர்மானத்தைச் சத்தமாகச் சொல்ல வேண்டும். நானும் சத்தமாகத்தான் சொன்னேன். குளியலறையில், கதவைத் தாழ் போட்டு, குழாயைத் திறந்துவிட்டு, கண்ணாடியைப் பார்த்து.

"உள்ள யாருகூடங்க பேசறீங்க?" என்றாள் கிராசியெட், வெளியிலிருந்து.

"பல் விளக்கறேம்மா!"

என் மனைவியைப் பற்றித் தப்பாக நினைக்க வேண்டாம். தங்கமானவள். பிராகா நகரத்தில் எங்கள் தெருமுனை மருந்துக்கடையில் வேலை பார்க்கிறாள். டாக்டரிடம் போவதற்கு முன் ஊரே அவளிடம்தான் ஒரு தடவை இருமிக் காட்டும். கார் ஓட்டுவாள், என்னைவிட நன்றாகவே ஓட்டுவாள். ஆனால் வருடா வருடம் எங்கள் திருமண நாளுக்கு டோரோ ஆற்றங்கரை ஒயின் பண்ணைகளுக்குக் கிளம்பும்போது மட்டும், "அந்த மலை வளைவுல உங்கள மாதிரி யாருங்க ஓட்டுவா?" என்பாள். அந்த ஒரு வார்த்தையில் நான் குளிர்ந்துபோய்ச் சாவியைக் கையில் வாங்கிவிடுவேன். அப்புறம் பண்ணை பண்ணையாக அவள் ருசி பார்ப்பாள். நான் வேடிக்கை பார்ப்பேன். அந்தச் சாலையில் போலீஸ் நின்று ஊதச் சொல்லும். ஓட்டுகிறவன் வாயில் தண்ணீரைத் தவிர எதுவும் இறங்கக் கூடாது.

இருபத்தேழு வருடம் பொறுத்தேன். இந்த வருடம் முடியவில்லை. காரணம் ஒரு பீப்பாய்.

நாங்கள் மதியச் சாப்பாட்டுக்குச் சொல்லி வைத்திருந்த பண்ணையில், நான் பிறந்த வருடத்து போர்ட் என்கிற இனிப்பு ஒயின் ஒரே ஒரு பீப்பாய் மிச்சம் இருந்ததாம். அதை அன்றைக்குத் திறக்கிறார்களாம். சாப்பிட வருகிறவர்களுக்கு ஆளுக்கு ஒரு சின்னக் கிளாஸ். அதற்கும் எனக்கும் ஒரே வயசு. என்ன, வயசு ஏற ஏற அதற்கு மதிப்பும் ஏறியிருக்கிறது. எனக்கு ரத்தக்கொதிப்பு ஏறியிருக்கிறது.

கீழ்வீட்டு பெல்மிரோவிடம் யோசனை கேட்டேன். அவர் மூன்று கல்யாணம் பண்ணியவர். அனுபவஸ்தர்.

"கால உடைச்சுக்கயேன்" என்றார்.

"நிஜமாவா?"

"பொய்யாத்தான்யா! கால்ல அடின்னா கிளட்ச் மிதிக்க முடியாதுல்ல."

"நாள் பூரா நொண்டணுமே. எந்தக் கால்னு மறந்துட்டா?"

பெல்மிரோ என்னை ஏற இறங்கப் பார்த்தார். "மறப்பே. நீ மறக்கற ஆளுதான். அப்ப கை. வலது மணிக்கட்டு. சுளுக்குன்னு சொல்லிடு."

"கிளாஸ எதுல பிடிக்கறது?"

"ஏன்யா, இடது கையால குடிச்சா ஒயின் தொண்டையில இறங்க மாட்டேங்குமா?"

சுளுக்கு என்றால் சுளுவு என்று நான் நினைத்தது அப்படித்தான்.

கிளம்புவதற்கு முதல் நாள் சாயங்காலம் மாடிப்படியில் விழுந்தேன். விழுந்தது நான் இல்லை, பழைய சூட்கேஸ். அதை உருட்டிவிட்டு, கடைசிப் படியில் போய் வசதியாகப் படுத்துக்கொண்டு, "ஐயோ!" என்றேன்.

கிராசியெட் ஓடி வந்தாள். நான் கண்ணை இறுக மூடிக்கொண்டேன். கண்ணைத் திறந்தால் சிரித்துவிடுவேன் என்று பயம்.

"எங்கங்க வலிக்குது?"

"மணிக்கட்டு..."

"இங்கயா?"

"ஆ!"

"இங்க?"

"ஆ! ஆ!"

"இங்க அமுக்கினா?"

"ஐயோ, செத்தேன்!"

என் கையை மெதுவாகக் கீழே வைத்தாள். பாவம், பதறிப்போயிருக்கிறாள் என்று நினைத்துக்கொண்டேன். பிறகு உள்ளே போய்த் துணி கொண்டுவந்து முழங்கை வரைக்கும் சுற்றிக் கட்டினாள். கட்டிக்கொண்டவளே போட்ட கட்டு. அவிழ்ப்பது லேசில்லை.

"அப்ப நாளைக்கு நானே ஓட்டறேங்க" என்றாள்.

இவ்வளவு சுலபமாக அவள் எதற்கும் ஒத்துக்கொண்டதில்லை. அங்கேயே எனக்குச் சந்தேகம் வந்திருக்க வேண்டும். சந்தோஷம் முந்திக்கொண்டு வந்துவிட்டது.

காலையில் கோட்டுப் பொத்தான் அளவுக்கு ஒரு வெள்ளை மாத்திரையை நீட்டினாள். "வலிக்கு" என்றாள். முழுங்கினேன். கார் கிளம்பியது. ஜன்னல் பக்கம் உட்கார்ந்து டோரோவைப் பார்த்தேன். மலை முழுக்கப் படிப்படியாகத் திராட்சைத் தோட்டம், கீழே ஆறு. இருபத்தேழு வருடமாக நான் இந்தச் சாலையில் பார்த்தது முன்னால் போகும் லாரியின் பின்புறம் மட்டும்தான்.

முதல் பண்ணையில் கல் தரைக் கூடத்தில் வரிசையாகக் கிளாஸ் வைத்தார்கள். ஒரு பெண் பாட்டிலைச் சாய்த்தாள். நான் இடது கையை நீட்டினேன். என் கிளாஸ் மேல் கிராசியெட்டின் உள்ளங்கை வந்து மூடியது.

"இவருக்கு வேணாம்மா. காலையிலதான் வலி மாத்திரை போட்டிருக்காரு. அதுமேல மது ஒரு சொட்டு பட்டாலும் ஆளு அப்படியே சாஞ்சிடுவாரு."

"என்னது?" என்றேன்.

"மருந்துக்கடைல இருக்கறவ சொல்றேன், கேளுங்க."

"ஒரு சொட்டுதானேம்மா..."

"போன மாசம் ஒருத்தர் இப்படித்தான் ஒரு சொட்டுன்னாரு. பாவம், அவரோட மோட்டார் சைக்கிள இப்ப மச்சான் ஓட்டறாரு."

அந்தப் பெண் என்னைப் பரிதாபமாகப் பார்த்துவிட்டு, குழந்தைகளுக்கு வைத்திருந்த திராட்சைச் சாற்றை உறிஞ்சு குழாய் போட்டுக் கொடுத்தாள். அங்கே கிளாஸில் ஒயினை ஊற்றினார்கள். இங்கே என் திட்டம் ஊற்றிக்கொண்டது.

சரி, அவளாவது குடிக்கட்டும் என்று பார்த்தால், அவள் ஓட்ட வேண்டுமே! வாயில் ஒரு மடக்கு வைத்தாள். கண்ணை மூடினாள். கன்னத்துக்குக் கன்னம் மாற்றினாள். பிறகு ருசி பார்ப்பவர்கள் துப்புவதற்கென்றே பக்கத்தில் வைத்திருந்த வாளியில் துப்பினாள். அடுத்ததையும் துப்பினாள். இரண்டாவது பண்ணையிலும் துப்பினாள். எனக்கு நெஞ்சு எரிந்தது. நான் குடிக்க முடியாது, அவள் குடிக்கக் கூடாது. எங்கள் திருமண நாளை வாளிகள் கொண்டாடின.

மதியம் அந்தப் பெரிய பண்ணை. ஆற்றைப் பார்த்த மேடையில் வெள்ளை விரிப்பு மேஜைகள். பணியாள் வண்டிச்சக்கரம் அளவுக்கு ஒரு தட்டை வைத்தார். நடுவில் ஏதோ கறை இருந்தது. துடைக்கச் சொல்லலாம் என்று வாயைத் திறந்தேன். அதுதான் காட் மீன் என்றார். அது பிறந்த கடல், காய்ந்த காற்று, மேலே தூவிய பூ எல்லாவற்றையும் அவர் சொல்லி முடிப்பதற்குள் நான் சாப்பிட்டு முடித்துவிட்டேன். அடுத்து வந்த ஆட்டுக்கறியைக் கிராசியெட் பொடிப்பொடியாக நறுக்கி எனக்கு ஊட்டினாள். பக்கத்து மேஜைக் கிழவி ஒருத்தி, "எவ்வளவு பாசம் பாருங்க!" என்று கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

கடைசியில் பண்ணைக்காரி டோனா யூலாலியா தானே தட்டை ஏந்தி வந்தார். இரண்டு சின்னக் கிளாஸ். உள்ளே என் வயசு. வெல்லப் பாகு நிறம். பாதாம், அத்திப்பழம், பழைய மரம் எல்லாம் சேர்ந்த ஒரு வாசனை வந்து என் மூக்கைப் பிடித்து இழுத்தது.

எனக்குள் ஏதோ அறுந்தது.

"சரியாயிடுச்சு!" என்று எழுந்து நின்றேன். கட்டைப் பிய்த்து எறிந்தேன். கையைச் சுழற்றினேன். போதாது என்று நாற்காலியை ஒரு கையால் தலைக்கு மேல் தூக்கிக் காட்டினேன். சுற்றியிருந்தவர்கள் கை தட்டினார்கள். பக்கத்து மேஜைக் கிழவி சிலுவைக்குறி போட்டுக்கொண்டாள்.

கிராசியெட்டின் முகம் மலர்ந்தது. "நிஜமாவாங்க? வலியே இல்ல?"

"துளிகூட இல்ல!"

"இந்தப் பக்கம் திருப்புங்க பாப்போம்."

திருப்பினேன்.

"அந்தப் பக்கம்? ரெண்டு கையும் சேத்து? வளைவுல திருப்பற மாதிரி?"

ஸ்டியரிங் பிடிக்கிற மாதிரி நன்றாக வளைத்துத் திருப்பிக் காட்டினேன். திருப்பி முடிக்கும்போதுதான் எனக்கு உறைத்தது. அதற்குள் கார் சாவி என் உள்ளங்கையில் இருந்தது.

"உங்கள மாதிரி யாருங்க ஓட்டுவா?" என்றாள்.

விடவில்லை நான். கடைசி ஆயுதத்தை எடுத்தேன். "ஆனா கிராசியெட், அந்த மாத்திரை! தூக்கம் வருமே! ஆளு சாஞ்சிடுவேன்னு நீதானே சொன்னே? நான் எப்படி ஓட்டறது?"

"அது வெறும் கால்சியம்ங்க. எலும்புக்கு நல்லது. தாராளமா ஓட்டலாம்."

"அப்ப... உனக்கு எப்பலேர்ந்து தெரியும்?"

"நேத்து சாயங்காலத்துலேர்ந்து. ரெண்டு தடவ உங்க கைய அமுக்கினேன். மூணாவது தடவ என் கைய அமுக்கினேன். அதுக்குத்தான் நீங்க ஜாஸ்தி கத்தினீங்க."

டோனா யூலாலியா தட்டோடு குலுங்கிச் சிரித்தார். கிராசியெட் தன் கிளாஸை நிதானமாகக் குடித்தாள். துப்பவில்லை. பிறகு என் கிளாஸை எடுத்தாள். கொஞ்சம் இரக்கம் வந்திருக்க வேண்டும். என் மூக்குக்குக் கீழே கொண்டுவந்து பிடித்தாள்.

"மோந்துக்கங்க. மோப்பத்துக்குப் போலீஸ் கேஸ் போடாது."

மோந்தேன். கண் கலங்கியது. அதையும் அவளே குடித்தாள். அது தொண்டையில் இறங்கியதும் ஒரு பெருமூச்சு விட்டாள் பாருங்கள், அதைக் கேட்கவே தனியாக ஒரு பீப்பாய் வைக்கலாம்.

திரும்பும் வழியில் பக்கத்து சீட்டில் சாய்ந்து தூங்கிவிட்டாள். ஆற்றுப் பாலம் தாண்டியதும் போலீஸ் கை காட்டியது. நிறுத்தினேன். ஒரு இளம் அதிகாரி குழாயை நீட்டினார். என் ஏமாற்றம் மொத்தத்தையும் சேர்த்து ஊதினேன். கருவியைப் பார்த்தார். தட்டிப் பார்த்தார். இன்னொரு தடவை ஊதச் சொன்னார்.

"சுத்தமா ஒண்ணுமே இல்லையே!" என்றார். "ஒயின் பண்ணைக்குப் போயிட்டு ஒரு சொட்டு கூடத் தொடாம வர்ற மனுஷன இன்னிக்குத்தான் சார் பாக்கறேன். இந்தக் காலத்துல இவ்வளவு கட்டுப்பாடா?"

என் நெஞ்சு கொஞ்சம் நிமிர்ந்தது. தொண்டையைச் செருமிக்கொண்டு, அடக்கமாக ஏதாவது சொல்லலாம் என்று வாயைத் திறந்தேன்.

கிராசியெட் கண்ணைத் திறக்காமலே சொன்னாள்.

"என் வளர்ப்பு அப்படி, தம்பி."