நிரோஜா ரீச்சரின் மூன்று கிலோப் பந்து

ஜெயனியின் பெருவிரல் பந்துக்குள் மாட்டிக்கொண்டு கால் மணி நேரம் ஆகிவிட்டது.

யாழ்ப்பாண நகரத்துக் கடைத்தொகுதி ஒன்றின் மூன்றாம் மாடியில் புதிதாகத் திறந்திருந்த பவுலிங் கூடம் அது. கூடப் படிக்கும் பிள்ளையின் பிறந்தநாளுக்கு வந்த இடத்தில்தான் இந்தக் கூத்து. எட்டு வயது ஜெயனி பந்தை மடியில் வைத்துக்கொண்டு நிலத்தில் இருந்தாள். கவுண்டரில் நின்ற லவீனா என்ற பெண் சவர்க்காரத் தண்ணீர் கொண்டுவந்து ஊற்றினாள். அப்பா அருள்நேசன் பந்தைப் பிடித்தார். அம்மா நிரோஜா பிள்ளையைப் பிடித்தாள். இரண்டு பக்கமும் இழுத்த இழுவையில் விரல் ஒருவழியாக வெளியே வந்தது.

"நோகுதோ பிள்ளை?"

"இல்லை அம்மா. எனக்கு அடுத்த முறை எப்ப வரும்?"

நிரோஜா மகளை ஒரு மாதிரிப் பார்த்தாள். பாடசாலை இல்ல விளையாட்டுப் போட்டியில் மற்றப் பிள்ளைகள் பரிசு வாங்கி முடிந்த பிறகு ஓடி வந்து சேருகிற பிள்ளை இது. பந்தைக் கண்டால் கண்ணை மூடுகிற பிள்ளை. அதே பிள்ளை விரல் மாட்டுவதற்கு முன்னால் பத்துக் கட்டைகளில் ஏழு கட்டைகளை விழுத்தியிருந்தாள். இப்போது விரல் சிவந்து வீங்கியிருக்க, அடுத்த முறை எப்போது என்று கேட்கிறாள்.

"மிஸ், இது பெரியாக்களின்ரை பந்து," என்றாள் லவீனா. "சின்னாக்களுக்கு ரெண்டு கிடந்தது. ஒண்டு வெடிச்சுப் போச்சு. மாசக் கடைசிச் சனிக்கிழமை பிள்ளையளுக்குப் போட்டி வைக்கிறம். சொந்தப் பந்து இருந்தால்தான் வசதி."

"என்ன பந்து வாங்க வேணும்?"

"அது எங்கடை மனேச்சருக்குத்தான் தெரியும். இண்டைக்கு அவர் இல்லை. நம்பர் எழுதித் தாறன், எடுத்துக் கேளுங்கோ."

நிரோஜா நெல்லியடியில் கணிதம் படிப்பிக்கும் ஆசிரியை. ஒரு காரியத்தைப் பிடித்தால் விடமாட்டாள். பிறர் வசனத்தை முடிக்கும்வரை காத்திருக்கவும் மாட்டாள். கலியாணம் கட்டிய பதினொரு வருடத்தில் அருள்நேசன் வீட்டில் ஒரு வசனத்தைக்கூட முழுதாகச் சொல்லி முடித்ததாகச் சரித்திரம் இல்லை.

"ஒரு பந்துக்காக இவ்வளவு தூரம்—" என்று அன்று மோட்டார் சைக்கிளில் போகும்போது தொடங்கினார்.

"வாங்குறம்," என்று அவள் முடித்துவைத்தாள்.

மறுநாள் பாடசாலை இடைவேளையில் நிரோஜா போன் எடுத்தாள். மறுமுனையில் ஒரு ஆண் குரல். பின்னால் எதுவோ கடகடவென்று உடைந்து விழும் சத்தம். காலையிலேயே ஆட்டம் தொடங்கிவிட்டது, கட்டைகள் விழுகின்றன என்று அவளுக்கு உற்சாகமாக இருந்தது.

"தம்பி, நான் நெல்லியடியிலை இருந்து நிரோஜா ரீச்சர் கதைக்கிறன். பிள்ளைக்குப் பவுலிங் பந்து வாங்க வேணும். எத்தினை கிலோவிலை வாங்கிறது?"

"ரீச்சர், நீங்கள் ஆரை—"

"பிள்ளைக்கு எட்டு வயசு. இருபத்திரண்டு கிலோ. ஆள் மெலிவு. இப்ப சொல்லும்."

பின்னால் கேட்ட கடகடச் சத்தம் நின்றுபோனது.

"பிள்ளைக்குத் தூக்க ஏலுமான அளவிலை வாங்குங்கோ ரீச்சர்."

"அளவு எண்டால் இலக்கம் வேணும் தம்பி."

"மூண்டு கிலோ," என்றது குரல், மெதுவாக. பிறகு கொஞ்சம் துணிவு வந்ததுபோல, "அதுக்கு மேலை எண்டால் ஒரு கையாலை தூக்கேக்கை வழுக்கும்."

"நல்லது. உம்மடை பேர் என்ன?"

"கனிசியஸ்."

நிரோஜா மேசைமேல் கிடந்த கொப்பியில் எழுதினாள்: 'கனிசியஸ். மூன்று கிலோ. வழுக்கும்.' விஷயம் தெரிந்த ஆள் என்று கீழே ஒரு கோடும் போட்டாள்.

கொழும்பில் விளையாட்டுச் சாமான் கடை ஒன்றைப் பிடித்து, மூன்று கிலோப் பந்துக்குச் சொன்னாள். ஐந்தாம் நாள் இரவுப் பஸ்ஸில் பெட்டி வந்து சேர்ந்தது. அருள்நேசன் விடியவே போய் எடுத்து வந்தார். ஜெயனி பெட்டியைக் கிழித்தாள். உள்ளே நாவல்பழ நிறத்தில் பளபளவென்று பந்து.

ஜெயனி அதைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தாள். "அம்மா, விரலை எங்கை விடுறது?"

பந்தில் ஓட்டை இல்லை. ஒன்றுகூட இல்லை.

"அவங்கள் ஓட்டையை மறந்து—" என்று அருள்நேசன் தொடங்கினார்.

நிரோஜா கடைக்குப் போன் எடுத்தாள். சொந்தப் பந்து என்றால் ஓட்டை இல்லாமல்தான் வரும், ஆளின் விரலுக்கு அளந்து பிறகுதான் போடுவது என்றார்கள். போடுகிற இயந்திரம் பழுதாம். திருத்த இரண்டு மாதம் ஆகுமாம். போட்டிக்கு இன்னும் பதினாறு நாள்.

அடுத்த அழைப்பு கனிசியசுக்கு.

"ஓட்டை இல்லையோ?" என்று அவனும் ஆச்சரியப்பட்டான். "அப்ப போட வேண்டியதுதான் ரீச்சர். பிள்ளையின்ரை விரலை அளந்து லேத் பட்டறையிலை குடுங்கோ. கொடிகாமத்திலை ஆழ்வாப்பிள்ளை அண்ணை எண்டு ஒருத்தர் இருக்கிறார். எங்கடை மிசின் உடைஞ்சால் அவரிட்டைத்தான் போறனாங்கள்."

"இதைத்தான் தம்பி அனுபவம் எண்டிறது," என்றாள் நிரோஜா.

அன்றிரவே மகளின் மூன்று விரல்களையும் அளந்து, கவராயம் வைத்து வட்டம் கீறி, மில்லிமீற்றரில் குறித்து, அழகான ஒரு வரைபடம் தயாரித்தாள். ஒவ்வொரு வட்டத்துக்கும் ஆரை எழுதியிருந்தது. மறுநாள் கொடிகாமத்தில் ஆழ்வாப்பிள்ளை கண்ணாடியை மூக்கில் இறக்கிப் படத்தைப் பார்த்தார், பந்தைப் பார்த்தார், பின்னேரம் வரச் சொன்னார்.

பின்னேரம் பந்தில் மூன்று ஓட்டைகள் இருந்தன. ஒவ்வொன்றிலும் ஒரு பென்சில் சரியாக நிற்கும்.

"அண்ணை, இது என்ன?"

"நீங்கள் எழுதின அளவுதான். ஒரு நூல் பிசகேல்லை."

"நான் எழுதினது ஆரை! நீங்கள் போட்டது விட்டம்!"

"பிள்ளை, என்னட்டை இருக்கிற துளைப்பானிலை விட்டம்தான் இருக்கு," என்றார் ஆழ்வாப்பிள்ளை.

அங்கேயே நின்று, வேலை செய்த இரண்டு பேரையும் கூப்பிட்டு, ஆரைக்கும் விட்டத்துக்கும் உள்ள வித்தியாசத்தை நிரோஜா சுண்ணாம்புக்கட்டியால் சுவரில் கீறி விளங்கப்படுத்தினாள். ஆழ்வாப்பிள்ளை நன்றாகவே பயந்துபோனார். இன்னொருமுறை பாடம் கேட்கத் தெம்பில்லாமல், இந்த முறை தாராளமாகவே துளைத்துவிட்டார். பந்து வீட்டுக்கு வந்ததும் ஜெயனி விரலை விட்டாள். விரல் உள்ளே உலாவியது. அருள்நேசன் சும்மா சோதனைக்காகத் தன் காற்பெருவிரலை விட்டுப் பார்த்தார். அது கச்சிதமாகப் பொருந்தியது.

"அப்பாவுக்குச் சரியா இருக்கு," என்றாள் ஜெயனி. "எனக்குத்தான் எப்பவும் சரிவாறேல்லை."

நிரோஜாவுக்கு அந்த வார்த்தை நெஞ்சில் குத்தியது. பிள்ளையைத் தூக்கி மடியில் வைத்தாள். ஒரு கையால் பிள்ளையின் கண்ணைத் துடைத்துவிட்டு, மறுகையால் போனை எடுத்தாள்.

"கனிசியஸ், ஓட்டை பெரிசாப் போச்சு."

"எவ்வளவு பெரிசு?"

"அவரின்ரை கால்விரல் போகுது."

"கால்விரல் ஏன் ரீச்சர்—"

"அதை விடும். இப்ப என்ன செய்யிறது?"

கனிசியஸ் யோசித்தான். "சைக்கிள் ரியூப்பை வெட்டி உள்ளுக்குச் சுத்தி ஒட்டுங்கோ. ஈரக் கையிலையும் பிடி நிக்கும். நாங்கள் அப்பிடித்தான் செய்யிறனாங்கள்."

ரியூப் ஒட்டியாயிற்று. விரல் போனது, பிடித்தது, இழுத்ததும் வந்தது. ஜெயனி முதல்முறையாகப் பந்தை ஒற்றைக் கையில் தூக்கிக்கொண்டு வீட்டை ஒரு சுற்றுச் சுற்றினாள். முற்றத்தில் உருட்டியபோதுதான் அடுத்த வில்லங்கம். பந்து நேரே போகாமல் இடப்பக்கம் திரும்பிப் பக்கத்து வீட்டுக் கிடுகுவேலியைப் பிரித்துக்கொண்டு போனது. திரும்ப உருட்டினாலும் அதே ஓட்டை வழியாகவே போனது.

"ரெண்டு தரம் துளைச்சதிலை ஒரு பக்கம் கனம் குறைஞ்சிருக்கும் ரீச்சர்," என்றான் கனிசியஸ். அவனுக்கு இப்போது நல்ல ஈடுபாடு வந்திருந்தது. "உப்புத் தண்ணியிலை போட்டுப் பாருங்கோ. கனமான பக்கம் கீழை போகும். மேலை வாற பக்கத்திலை கொஞ்சம் ஈயம் வைச்சு அடைச்சுவிட்டால் சரி."

"அவ்வளவு பெரிய பந்து மிதக்குமோ?"

"மூண்டு கிலோதானே, மிதக்கும்."

நிரோஜா கணக்குப் போட்டுப் பார்த்தாள். மிதக்கும்தான். கனிசியசின் பெயருக்குக் கீழே இன்னொரு கோடு போட்டாள்.

"வாளியிலை உப்பைக் கரைச்சு—" என்றார் அருள்நேசன்.

"கடல் பக்கத்திலை இருக்கேக்கை வாளி என்னத்துக்கு? வெளிக்கிடுங்கோ."

பருத்தித்துறைக் கடற்கரையில் பந்தை நீரில் விட்டார்கள். மிதந்தது. மெல்ல உருண்டு, ஒரு பக்கத்தைக் காட்டி நின்றது. நிரோஜா அந்த இடத்தில் அடையாளம் போடப் பேனையின் மூடியைக் கழற்றினாள். அந்த ஒரு கணத்தில் ஒரு அலை வந்தது. திரும்பிப் போகும்போது பந்தையும் கூட்டிக்கொண்டு போனது.

"அம்மா! பந்து!"

அருள்நேசன் களிசானோடு இடுப்பளவு தண்ணீரில் இறங்கினார். அவர் ஒரு அடி வைக்கப் பந்து இரண்டு அடி போனது. நாவல்பழ நிறப் புள்ளி ஒன்று ஆடி ஆடி அப்பால் போவதைப் பார்த்து ஜெயனி வாய்விட்டு அழுதாள். போட்டிக்கு இரண்டே நாள்.

நிரோஜா போனை எடுத்தாள். கடலில் போன பந்துக்குப் பவுலிங்காரன் என்ன செய்வான் என்று அவள் யோசிக்கவில்லை.

"கனிசியஸ், பந்து போகுது!"

"எங்கை நிக்கிறியள்?" குரல் உடனே மாறியது. பயமும் இழுவையும் போய், உத்தரவாகவே வந்தது. "பருத்தித்துறையோ? இப்ப சோழகக் காத்து. வெளியிலை இழுக்கும், ஆனால் நீரோட்டம் கிழக்கை. அண்ணையை உடனை கரையேறச் சொல்லுங்கோ, நீந்திப் பிடிக்கேலாது. நீங்கள் முனைப்பக்கம் போங்கோ. வெளிச்சவீடு தெரியிற இடத்திலை படகுகள் நிக்கும். ஆரிட்டையும் சொல்லுங்கோ. அரை மணித்தியாலத்திலை பந்து அதிலை வரும்."

இருபத்தைந்தாவது நிமிடத்தில் வந்தது. படகுக்காரர் ஒருவர் கைவலையால் கோலி எடுத்து, மூன்று ஓட்டைகளையும் உற்றுப் பார்த்து, "இது என்ன, புது விதமான மிதவையோ?" என்று கேட்டார்.

நனைந்த களிசானோடு நின்ற அருள்நேசன், "பந்து," என்றார். அதை மட்டும் முழுதாகச் சொல்ல முடிந்தது.

அடையாளம் போட்டு, ஈயம் வைத்து, மேலே பூசி முடிக்க வெள்ளிக்கிழமை பின்னேரமாயிற்று. நிரோஜா கடைசியாக ஒருமுறை போன் எடுத்தாள். "நாளைக்குப் போட்டி. நீர் அங்கை நிப்பீர்தானே?"

"நானும் வந்து பாக்க வேணும் ரீச்சர்," என்றான் கனிசியஸ். "நித்திரையிலையும் உந்தப் பந்துதான் உருளுது."

சனிக்கிழமை பதினொரு பிள்ளைகள் வரிசையில் நின்றார்கள். ஜெயனி ஒன்பதாவது. பந்தை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு நின்றாள். முதல் உருட்டல் ஓடுபாதையின் ஓரத்துப் பள்ளக் கானுக்குள் போய் விழுந்தது. பின்னால் யாரோ சிரித்தார்கள். ஜெயனி திரும்பி அம்மாவைப் பார்த்தாள். நிரோஜா கையை நேராக நீட்டிக் காட்டினாள்.

இரண்டாவது பந்து நேரே போனது. அவசரமில்லாமல், பாதி வழியில் நின்றுவிடுமோ என்று எல்லோரும் எட்டிப் பார்க்கும்படி உருண்டு போய், முன்கட்டையில் முட்டியது. ஒன்று விழுந்தது. அது பக்கத்துக் கட்டையைத் தட்டியது. அது இன்னொன்றை. கடைசிக் கட்டை கொஞ்ச நேரம் தள்ளாடி யோசித்துவிட்டு, சரி என்று சாய்ந்தது.

பத்தும்.

ஜெயனி துள்ளவில்லை. அசையாமல் நின்று, வெறுமையாகக் கிடந்த இடத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். பிறகு ஓடி வந்து அம்மாவின் இடுப்பைக் கட்டிப் பிடித்தாள். முடிவில் அவளுக்கு நான்காம் இடம். பரிசு மூன்று பேருக்குத்தான். அவள் அதைக் கவனிக்கவே இல்லை. "எனக்குப் பின்னாலை ஏழு பேர் அம்மா! ஏழு பேர்!" என்று திரும்பத் திரும்பச் சொன்னாள். அருள்நேசன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"ரீச்சர்..."

போனில் கேட்ட அதே குரல். சுவரோரமாக, மடிப்புக் கலையாத வெள்ளைச் சேர்ட்டோடு, செருப்பைக் கையில் வைத்துக்கொண்டு ஒரு இளைஞன் நின்றான். அவன் கண்ணும் கலங்கியிருந்தது.

"கனிசியஸ்! உம்மாலைதான் இவ்வளவும்," என்றாள் நிரோஜா. "நீர் இல்லாட்டி இந்தப் பிள்ளை இண்டைக்கு வீட்டிலை இருந்து அழுதுகொண்டிருக்கும். ஒரு மனேச்சர் எண்டால் இப்பிடி இருக்க வேணும். பொறும், இதை நான் எல்லாருக்கும் சொல்லத்தான் போறன்."

அவன் ஏதோ சொல்ல வாயெடுப்பதற்குள் அவள் கவுண்டரில் இருந்த மைக்கை நோக்கி நாலு அடி வைத்துவிட்டாள். கனிசியஸ் பாய்ந்து முன்னால் வந்து வழியை மறித்தான். இரண்டு கைகளையும் கூப்பினான். செருப்பு நிலத்தில் விழுந்தது.

"ஐயோ ரீச்சர், மைக்கிலை சொல்லிப்போடாதேங்கோ! நான் குருநகரிலை மீனுக்கு ஐஸ் உடைக்கிறவன். நீங்கள் முதல் நாளே நம்பர் மாறித்தான் எடுத்தனீங்கள். ரீச்சர்மார் கேள்வி கேட்டால் தெரியாதெண்டு சொல்ல எனக்குச் சின்னனிலை இருந்தே பயம்!"