ஆருக்க மோன் நீ?

துப்பாக்கிச் சண்டைக்கு நடுவில் எழுந்து நின்று குசலம் விசாரித்த ஒரே மனுஷன் இந்த உலகத்தில் எங்கள் ஆட்டோ அண்ணன்தான். செல்போன் விளையாட்டில் அவரைப்போல அதிகம் செத்தவரும் கிடையாது.

எங்கள் ஊர் பனச்சமூட்டில் அவருக்கு ஆட்டோ. எங்கள் தெருப் பிள்ளைகளைப் பள்ளிக்கு ஏற்றிப்போவார். ஐம்பது வயசு தாண்டியபிறகு, அந்தப் பிள்ளைகள் விளையாடும் அதே ஆன்லைன் விளையாட்டில் போய்ச் சேர்ந்தார். புது ஆள் யார் வந்தாலும் மைக்கில் முதல் கேள்வி, "ஆருக்க மோன் நீ?" யாருடைய மகன் என்று கேட்பது எங்கள் பக்கத்து வழக்கம். ஊர், அப்பன் பேர், சர்ச்சா கோயிலா எல்லாம் தெரிந்தால்தான் எங்களுக்கு மூச்சே வரும்.

கேட்டு முடிப்பதற்குள் எதிராளி சுட்டுவிடுவான். "மாமா, படுங்க, படுங்க!" என்று பிள்ளைகள் அலறும்.

"இருங்க மக்கா, அவன் பதில் சொல்லட்டு" என்பார், செத்துக்கொண்டே.

ஒருதரம் எதிராளி பக்கத்து ஊரான கொல்லயில்காரப் பையன் என்று தெரிந்துவிட்டது. "எலே, நம்ம ஜெபமணிக்க மோனா? ஹோம்வொர்க் முடிச்சியா?" பையன் விளையாட்டை விட்டே ஓடிப்போனான்.

ஊரே அவருக்கு 'ஆருக்கமோன்' என்று பேர் வைத்தது. நானும் வயிறு வலிக்கச் சிரித்தேன், என் மகள் ஜெனி விஷயம் வரும்வரை.

ஜெனி ஏழாம் வகுப்பு. விளையாட்டில் எவனோ ஒருவன் அவளுடைய பொம்மைக்கு ஓசியில் உடுப்பும் சிறகும் வாங்கிக்கொடுத்து, அண்ணன் முறை கொண்டாடி 'சேட்டன்' ஆகிவிட்டான். அண்ணன் அவனிடமும் கேட்டார். பதில் இல்லை. மறுபடி கேட்டார். குழுவிலிருந்தே அவரைத் தூக்கிவிட்டான். மறுநாள் காலை ஆட்டோவில் ஜெனியிடமே விசாரித்திருக்கிறார். அவள் தேம்பித் தேம்பிச் சொல்லிவிட்டாள். தனி சாட்டுக்கு வா, போட்டோ அனுப்பு, அம்மாவிடம் சொல்லாதே. ஆட்டோ பள்ளிக்குப் போகாமல் என் வாசலுக்குத் திரும்பியது.

பள்ளியில் பாடம் எடுக்கும் நானே கையை ஓங்கிவிட்டேன். நடுவில் வந்து நின்றார்.

"அடிக்கப்பிடாது டீச்சரே. நான் அடிச்சேனாக்கும்."

அன்றுதான் சொன்னார். அவர் மகளும் பத்தாம் வகுப்பில் இப்படி ஒருவனிடம் மாட்டிக்கொண்டு, அழுதுகொண்டே அப்பாவிடம் வந்து சொல்லியிருக்கிறாள். இவர் அவளை அடித்து, போனையும் உடைத்துப்போட்டார்.

"அதுக்குப் பெறவு அவ எங்கிட்ட ஒண்ணும் சொன்னதில்ல. இப்ப பெங்களூர்ல நர்சாக்கும். அம்மைக்குத்தான் போன் வரும். நீங்க முதல்ல பிள்ளைக்குச் சாயா கொடுங்க. அந்த மெசேஜ் ஒண்ணையும் அழிச்சிராதீங்க, போலீசுக்குக் காட்டணும்."

அவனை பிளாக் செய்தோம், மெசேஜ்களை சைபர் போலீசிடம் கொடுத்தோம். ஜெனி தப்பித்தாள். இப்போது அவள் எல்லாவற்றையும் என்னிடம் வந்து கொட்டுகிறாள், போதும்டி அம்மா என்கிற அளவுக்கு.

இந்த மழைக்காலத்தில் அண்ணனுக்கு நெஞ்சுவலி. காரக்கோணம் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகும் வழியிலேயே போய்விட்டார், பாவி மனுஷன். பெங்களூரிலிருந்து மகள் வந்தாள். அப்பாவின் சவப்பெட்டியைச் சுற்றி நின்று தேம்பிய பிள்ளைகளில் ஒன்றைக்கூட அவளுக்குத் தெரியவில்லை.

"நீங்கல்லாம் ஆருக்க பிள்ளைய?" என்றாள்.

அந்தக் கேள்வி வந்தாலே தலையிலடித்துக்கொள்ளும் பிள்ளைகள், ஒவ்வொன்றாக அப்பா பேர், அம்மா பேர், ஊர் என்று ஒழுங்காகச் சொல்லின. கொல்லயில் பையனும் வந்திருந்தான். கடைசியாக ஜெனி சொன்னாள், "மாமா எங்களுக்க கூட வெளையாடும் அக்கா. உங்களப் பத்தியும் சொல்லும்."

அண்ணனின் மகள் பெட்டிமேல் விழுந்து, "அப்பா, அப்பா" என்று கூப்பிட்டாள். அதைக் கேட்கத்தான் அந்த மனுஷன் இல்லை.