ஏணியைச் சுமந்து போன ஓட்டு வேட்டை

மூன்று முறை ஒன்றியக் கவுன்சிலராக இருந்தவன் நான். முதல் தேர்தலில் என் வார்டு எங்கே முடிகிறது என்பதே எனக்குத் தெரியாது. இதை எழுத்தில் ஒப்புக்கொள்வது இதுதான் முதல் தடவை. (வாய்மொழியாக என் மனைவி ஊர் முழுக்கச் சொல்லிவிட்டாள்.)

அப்போது சந்தவாசலில் பம்புசெட் மோட்டார் ரிப்பேர் கடை வைத்திருந்தேன். சுயேச்சை வேட்பாளர், சின்னம் ஏணி. எதிரில் நின்றவர் பழைய கவுன்சிலர். அவர் கும்பிடு போடாத வாசல் கிடையாது. தோற்றால் மாமனார் வீட்டில் எனக்குச் சோறு இறங்காது.

பிரசாரத்தின் கடைசி நாள் காலை, மனைவியின் தம்பி குமார் துப்போடு வந்தான்.

"மாமா, மலை மேல புளியங்கொல்லைன்னு ஒரு ஊரு கீது. அந்தாளு ஒரு நாளும் அங்க போவலியாம்."

சந்தோஷத்தில் எனக்குத் தலைகால் புரியவில்லை. ஒரு ஊரையே கோட்டை விட்டிருக்கிறாரே மனுஷன் என்று சிரித்தேன். (அவர் ஏன் போகவில்லை என்று யோசிக்கும் அளவுக்கு அன்று எனக்கு மூளை வளரவில்லை.)

பைக் பாதி வழிதான் போனது. மீதியை நிஜமான மர ஏணியைச் சுமந்தபடி ஏறினோம். சின்னத்தைக் கண்ணில் காட்டினால்தான் மனதில் பதியும் என்பது என் யோசனை. முன்னால் குமார், பின்னால் நான், ஒவ்வொரு திருப்பத்திலும் ஏணி என் தாடையைப் பதம் பார்த்தது.

சாமை அறுத்துக்கொண்டிருந்தவர்கள் வேலையைப் போட்டுவிட்டு வந்தார்கள். ஏணியைப் புளியமரத்தில் சாய்த்து, நான்காவது படியில் நின்று முழங்கினேன். தார்ரோடு கொண்டுவராமல் ஓயமாட்டேன் என்றேன். இறங்கி, பெரியவர்கள் காலிலெல்லாம் விழுந்தேன். நன்றாகவே கை தட்டினார்கள். சாமைச் சோறும் மொச்சைக் குழம்பும் போட்டார்கள். மூன்றாவது முறையும் கேட்டு வாங்கிச் சாப்பிட்டேன்.

கை கழுவத் தண்ணீர் ஊற்றிய காளியம்மா அப்போதுதான் சொன்னார்.

"நல்லா பேசுனீங்க சார். ஆனா எங்க ஓட்டு உங்களுக்கு வராதுங்களே."

"ஏம்மா, இன்னா கொற வெச்சேன்?"

"கொறயெல்லாம் இல்லீங்க. இது வேலூர் ஜில்லா. உங்க ஜில்லா அந்தப் பாறையாண்டயே முடிஞ்சிபோச்சி."

"மொதல்லயே சொல்லக் கூடாதாம்மா?"

"ஏணியத் தூக்கிக்கினு வேர்த்துப் போயி வந்தீங்க. சோறு துன்னாத மனுசங்கிட்ட எப்புடிங்க அதச் சொல்றது?"

மணி மூன்று. ஐந்து மணிக்குப் பிரசாரம் ஓய்கிறது. கீழே இறங்கவே இரண்டு மணி நேரம். ஏணியின் கடைசிப் படியில் உட்கார்ந்துவிட்டேன். குமார் என் முகத்தைப் பார்க்கவே இல்லை.

காளியம்மாதான் பேசினார். "உங்க வார்டுல, அடிவாரத்துல மூணு ஊருலயும் எங்க பொண்ணுங்களக் குடுத்துகிறோம். நாங்க பேசிக்கிறோம், நீங்க எறங்குங்க."

அன்றே அவரும் நாலு பெண்களும் சம்பந்தி வீடுகளுக்கு இறங்கினார்கள். (சொந்தக்காரர் வீட்டுக்குப் போவதைப் பிரசாரம் என்று எந்த அதிகாரி சொல்ல முடியும்?) நான் ஜெயித்தேன். அடிவாரத்தில் வாழ்க்கைப்பட்ட அந்த ஊர்ப் பெண்கள் மட்டும் மாற்றிக் குத்தியிருந்தால் இன்றும் மோட்டாருக்குக் காயில் கட்டிக்கொண்டுதான் இருப்பேன். எனக்கு ஓட்டுப் போடவே முடியாத ஊர் என்னை ஆளாக்கியது. அந்தக் கடன் தீராது.

ரோடு தருவதாகச் சொன்னேனே, அதற்காக அடுத்த ஜில்லாவின் ஆபீஸ்களில் வருஷக்கணக்கில் மனுவோடு நின்றேன். நீங்கள் எந்த ஊர்க் கவுன்சிலர் என்று கேட்காத குமாஸ்தா இல்லை. கடைசியில் ரோடு வந்தது. திறப்பு விழா மேடையில் வெளி ஜில்லாக்காரனுக்கு ஏது நாற்காலி? அன்று நான் விட்டுவந்த ஏணியில்தான் புளியங்கொல்லைக்காரர்கள் புளி உலுக்க ஏறுகிறார்கள். காளியம்மா அதை இழுத்துவந்து மேடைக்குப் பக்கத்தில் படுக்கப் போட்டு, "இதுல குந்துங்க சார்" என்றார். குந்தினேன். கண் கலங்கியதை மறைக்க முடியவில்லை.

இன்றும் நான் கல்யாணம், காதுகுத்து என்று எங்கே கிளம்பினாலும் மனைவி சமையலறையிலிருந்தே குரல் கொடுப்பாள்: "நம்ம வார்டுதானான்னு கேட்டுக்கினு போங்க."

அன்றைக்கு அப்படிக் கேட்டுக்கொண்டு போயிருந்தால் தோற்றிருப்பேன் என்று நானும் சொல்லிக்கொண்டே செருப்பை மாட்டுவேன்.