தலைவரின் முன்னுரை

கூட்டம் ஆரம்பித்துப் பத்து நிமிடம் ஆகியும் தலைவர் முன்னுரையிலேயே இருந்தார். லேப்டாப் முன்னால் செயலாளர் நெளிந்துகொண்டிருந்தார்.

நோயாளிகளை ஆஸ்பத்திரிக்கு இலவசமாகக் கூட்டிப்போகும் சின்னச் சங்கம் அது. இருந்த ஒரே வேனும் படுத்து ஒரு மாதமாகிறது. டயாலிசிஸுக்குப் போகும் பதினோரு பேர் கதி என்ன என்று இன்று முடிவெடுத்தாக வேண்டும். போன மூன்று ஆன்லைன் கூட்டங்களையும் தலைவரின் முன்னுரையே விழுங்கிவிட்டது. குறுக்கே பேசவும் வழியில்லை. தன் குரல் தனக்கே இரைகிறது என்று, பேசும்போது காதுக் கருவியைக் கழற்றி வைத்துவிடுவார் மனிதர்.

"அவரை மியூட் பண்ணிடுங்க," என்றாள், பின்னால் துணி மடித்துக்கொண்டிருந்த மனைவி. "ஆன்லைன் கிளாஸ்ல நான் அதைத்தான் பண்ணேன்."

"அது பசங்க. இவரு தலைவர்."

"பசங்களாவது கண்டுபிடிப்பாங்க."

செயலாளர் அமுக்கினார். அப்பாடா என்றிருந்தது. தலைவரின் வாய் மட்டும் அசைந்துகொண்டிருந்தது.

"தலைவர் என்னமோ சொல்றாரே?" என்றார் உறுப்பினரான டாக்டர்.

"அவருக்கு நெட் சரியில்லை டாக்டர். நாம வேன் விஷயத்தைப் பார்ப்போம்."

"மெக்கானிக் கையை விரிச்சுட்டாரு," என்றார் பொருளாளர் அம்மா. "வேற வண்டிக்கும் வழி தெரியலை. மனசு கேக்கலைதான், ஆனா சேவையை நிறுத்திடலாம்."

செயலாளர் கூட்டத்தைச் சீக்கிரம் முடிக்க நினைத்தாரே தவிர, இப்படி முடிக்க நினைக்கவில்லை. ஆனால் மறுத்துப் பேச அவரிடமும் ஒரு வண்டி இல்லை.

"சம்மதம்னா கையைத் தூக்குங்க," என்றார்.

யாரும் முந்தவில்லை. வேறு வழியின்றி அவரே முதலில் தூக்கினார். பிறகு ஒவ்வொருவராகத் தூக்கினார்கள். தலைவர் பேச்சை நிறுத்தித் திரையையே உற்றுப் பார்த்தார். அப்புறம் கேமராவை அணைத்துவிட்டார்.

"பாத்தீங்களா, எவ்வளவு சுருக்க முடிஞ்சுது," என்றாள் மனைவி.

செயலாளரின் போன் அடித்தது. தலைவரின் டிரைவர்.

"சார், ஐயா முகமே சரியில்லை. வீட்டு வேனைச் சங்கத்துக்கே குடுத்துடறேன்னு அவ்வளவு நேரமா சொல்லிட்டிருந்தாரு. கடைசியில சிரிச்சுக்கிட்டே, 'வேண்டாங்கறவங்க கையைத் தூக்குங்க'ன்னாரு... முதல் கை உங்களுதுதான் சார்."